மூளை தேய்ந்ததா, மூட்டு தேய்ந்ததா: செட்டிநாட்டு வீடொன்றில் ஒரு முதிய நாயின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

காரைக்குடியை ஒட்டிய ஓர் ஊர். பெரிய வீடுகளில் பல பூட்டியே கிடக்கும்; பங்காளிகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பார்கள். அப்படி ஒரு வீட்டில் எழுபது வயது கடந்த ஆச்சி ஒருவர் இருந்தார். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு தம்பதி. ஆச்சியின் மகன் சிங்கப்பூரில். அவர் வாங்கிக் கொடுத்த நாய்தான் மணி. நம் பக்கத்தில் பொமேரியன் என்று சொல்லும் வெள்ளை ஸ்பிட்ஸ், ஆண். பதின்மூன்று வயது முடிந்திருந்தது. எடை ஒன்பது கிலோ. ஆண்டுதோறும் வெறிநாய்த் தடுப்பூசி தவறாமல் போட்டிருந்தார்கள்.

பங்குனி வெயில் தொடங்கிய சமயத்தில் கால்நடை மருத்துவரான என்னை வீட்டுக்கே அழைத்தார்கள். "டாக்டர் தம்பி, இவனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. என்னையவே பார்த்து உறுமுறான்" என்றார் ஆச்சி. வேலை பார்ப்பவருக்கு வேறு பயம்: வெறி பிடித்துவிட்டதோ என்று.

அந்தப் பயத்தை முதலில் தீர்த்தாக வேண்டும். வெறிநோயின் அறிகுறி தெரிந்த நாய் பத்து நாளுக்குள் பெரும்பாலும் இறந்துவிடும். இங்கே மாற்றம் தொடங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. தடுப்பூசி அட்டையும் சரியாக இருந்தது. ஆகவே வெறிநோய் இல்லை என்று சொல்ல முடிந்தது. ஆனாலும் நடத்தை மாறிய எந்த நாயையும் கையுறை இல்லாமல் தொடக்கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

வீட்டார் சொன்னது

இரவில் தூங்குவதில்லை, நடந்துகொண்டே இருக்கிறது, காரணமில்லாமல் குரைக்கிறது. பட்டாலையில், அதாவது கூடத்தில், சிறுநீர் கழிக்கிறது. முன்பெல்லாம் அடுப்படியில் தோசைக்கல் சத்தம் கேட்டதும் ஓடிவரும். இப்போது வருவதே இல்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஒரு நாள் காலையில் ஆச்சி தூக்கப் போனபோது உறுமியது.

இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால் யாருக்கும் உடனே தோன்றுவது முதுமை மறதி. நாய்களுக்கு வரும் அறிவாற்றல் குறைபாடு ஒன்றும் அரிதல்ல. 2001இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 11, 12 வயது நாய்களில் 28 சதவீதத்துக்கும், 15, 16 வயது நாய்களில் 68 சதவீதத்துக்கும் ஏதாவது ஓர் அறிகுறியாவது இருந்தது. வயதும் ஒத்துவந்தது, கதையும் ஒத்துவந்தது. ஆனால் வீட்டார் சொன்ன ஒவ்வொன்றுக்கும் மூளைக்கு வெளியேயும் காரணம் இருக்கலாம். இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்த நிகழ்வை விரிவாக எழுதுகிறேன்.

பரிசோதனையில் கண்டது

கண்ணில் நீலப் படலம் போல் தெரிந்தது. அது புரை அல்ல, வயதினால் லென்ஸ் இறுகியது. பஞ்சு உருண்டையை மேலிருந்து போட்டால் பார்வை அதைப் பின்தொடர்ந்தது. ஆனால் சன்னலைச் சாத்தி அறையை இருட்டாக்கியபோது பின்தொடரவில்லை. காது வெகுவாக மங்கியிருந்தது. ஆச்சியின் இடுப்பில் இருந்த சாவிக்கொத்தை வாங்கி முதுகுக்குப் பின்னால் குலுக்கினேன், திரும்பவில்லை. தரையில் போட்டபோது மட்டும் திரும்பியது. அது கேட்டதா, பாதத்தில் அதிர்வு தட்டியதா என்பதைப் பிரித்துச் சொல்ல முடியாது.

பின்னங்காலை நீட்டியபோது மணி உறுமியது. ஆச்சியைப் பார்த்து உறுமியதும் தூக்கும்போதுதான். எக்ஸ்ரேயில் இரண்டு இடுப்பு மூட்டும் தேய்ந்திருந்தன.

ரத்தத்தில் சிறுநீரக அளவுகள் மேல் எல்லையைத் தொட்டும் தொடாமலும் இருந்தன. தைராய்டு சரி. உண்ணிக் காய்ச்சலுக்கான அறிகுறி ரத்தத்தில் இல்லை, தட்டணுக்களும் போதிய அளவில் இருந்தன. சிறுநீரில் கிருமி இல்லை. ரத்த அழுத்தம் இயல்பு.

எம்.ஆர்.ஐ. பற்றி மகன் போனில் கேட்டார். நாயை வெளியூர் கொண்டுபோக வேண்டும், முழு மயக்கம் கொடுக்க வேண்டும். மூளைக் கட்டி இருந்தால்கூட இந்த வயதில் அறுவைக்கு யாரும் சம்மதிக்கப் போவதில்லை. சிகிச்சையை மாற்றாத ஒரு படத்துக்காக அந்த ஆபத்து வேண்டாம் என்று முடிவெடுத்தோம்.

கேமராவில் தெரிந்தது

வீட்டில் ஆள் குறைவு என்பதால் மகன் ஏற்கெனவே கேமரா வைத்திருந்தார். இரவுப் பதிவுகளை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். நேரில் ஒரு மணி நேரம் பார்த்துக் கிடைக்காத தகவல் அதில் கிடைத்தது.

இரவு ஒரு மணிக்கு மேல் மணி வளவுக்கு வரும். திறந்த முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில் தூண்களை ஒட்டி ஒரே திசையில் சுற்றும். பிறகு முகப்புக்குப் போகும் தேக்குக் கதவின் முன்னால் நிற்கும். ஒற்றைக் கதவு அது, பாதி திறந்துதான் இருக்கும். ஆனால் மணி நிற்பது திறந்த பக்கத்தில் அல்ல, கீல் இருக்கும் பக்கத்தில். மூக்கை மரத்தில் வைத்தபடி ஐந்து நிமிடம், பத்து நிமிடம் அப்படியே நிற்கும். குட்டியிலிருந்தே அந்த வீட்டில் வளர்ந்த நாய், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதை மறந்திருந்தது. மூட்டு வலியோ காது மந்தமோ இதை விளக்காது.

இன்னொரு பதிவு அதற்கு நேர்மாறானது. பகலில், பட்டாலையிலிருந்து அடுப்படிக்குப் போகும் வழியில் மணி எழுந்து நான்கு அடி வைக்கிறது. ஆத்தங்குடி கல் தரை, பல தலைமுறை துடைத்துத் துடைத்து மழமழவென்று இருக்கும். பின்னங்கால் இரண்டும் விரிந்து வழுக்குகின்றன. நின்று அடுப்படிப் பக்கம் பார்க்கிறது, வாலை லேசாக ஆட்டுகிறது, திரும்பிப்போய்ப் படுக்கிறது. அடுப்படி எங்கே என்று அதற்குத் தெரியும். போக முடியவில்லை, அவ்வளவுதான்.

வீட்டார் இரண்டையும் 'மறதி' என்ற ஒரே கணக்கில் எழுதியிருந்தார்கள்.

முதல் முடிவு: உடம்பைச் சரிசெய்துவிட்டு மூளையைப் பார்ப்பது

நாய்களின் அறிவாற்றல் குறைபாட்டை அளக்க 2011இல் வெளியான பதின்மூன்று கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு. மதிப்பெண் 16 முதல் 80 வரை. 50 அல்லது அதற்கு மேல் வந்தால் குறைபாடு என்று கொள்ளலாம். மணிக்கு 59 வந்தது. அன்றே செலிஜிலின் என்ற மூளை மருந்தை எழுதிக் கொடுத்திருக்கலாம். நான்கு வாரம் தள்ளிப்போட்டேன். வலி மருந்தையும் மூளை மருந்தையும் ஒன்றாகத் தொடங்கினால், தேறியது எதனால் என்று கடைசிவரை தெரியாமலே போகும்.

வலிக்கு மெலோக்சிகாம், கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், சாப்பாட்டுக்குப் பின். சிறுநீரக அளவு எல்லையில் இருந்ததால் இரண்டு வாரத்தில் மறுபடி ரத்தப் பரிசோதனை. பட்டாலையிலிருந்து அடுப்படி வரை சாக்கு விரித்து ஓரங்களில் கல் வைக்கச் சொன்னேன். ஆச்சிக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "வர்றவங்க பார்த்தா சாக்குக் கடைன்னு நினைப்பாங்க" என்றார். ஆனாலும் விரித்தார். வளவில் இரவு முழுவதும் ஒரு சின்ன விளக்கு எரியும்படி ஏற்பாடு. தூக்கும்போது வயிற்றுக்கடியில் ஒரு கையும் நெஞ்சுக்கடியில் ஒரு கையும் கொடுத்துத் தூக்கக் காட்டிக்கொடுத்தேன்.

நான்கு வாரத்தில் மணி தானாக அடுப்படிக்குப் போனது. உறுமுவது நின்றுவிட்டது. பட்டாலையில் சிறுநீர் கழிப்பதும் பாதியாகக் குறைந்தது, ஏனென்றால் தோட்டத்துக்கு எழுந்து போக முடிந்தது. மதிப்பெண் 51க்கு இறங்கியது. கதவின் கீல் பக்கம் நிற்பதும் நள்ளிரவுச் சுற்றும் மட்டும் அப்படியே இருந்தன. மிச்சம் இருந்தது மூளையின் பங்கு என்று இப்போது துணிந்து சொல்ல முடிந்தது.

இரண்டாம் முடிவு: செலிஜிலினும் கொட்டாங்குச்சியும்

செலிஜிலின், மூளையில் டோபமைன் சிதைவதைக் குறைக்கும் மருந்து. நாய்களின் அறிவாற்றல் குறைபாட்டுக்காக 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நம் ஊரில் மனிதர்களுக்கான மாத்திரையைத்தான் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. மணியின் எடைக்குக் காலையில் ஐந்து மில்லிகிராம்.

எழுதுவதற்கு முன், உண்ணிக்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன். பாட்டிலை எடுத்துவந்து காட்டினார்கள்: அமிட்ராஸ், தண்ணீரில் கலந்து குளிப்பாட்டுவது. செலிஜிலினும் அமிட்ராஸும் ஒரே வகை நொதியைத் தடுப்பவை. இரண்டும் சேர்ந்தால் நாய்க்கு ஆபத்து. வலி மருந்தான டிரமடால், மனச்சோர்வு மருந்தான ஃப்ளூவாக்ஸிடின் ஆகியவற்றோடும் செலிஜிலின் சேரக்கூடாது. அமிட்ராஸை நிறுத்தி, இரண்டு வாரம் இடைவெளி விட்டு, வேறு உண்ணி மாத்திரைக்கு மாற்றிய பிறகே தொடங்கினோம். கிராமப்புறத்தில் செலிஜிலின் எழுதும் எவரும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் எழுதக்கூடாது.

தேங்காய் எண்ணெய் ஊற்றிக் கொடுக்கலாமா என்று மகன் கேட்டார், இணையத்தில் படித்திருக்கிறார். நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு சேர்த்த உணவால் முதிய பீகிள் நாய்களுக்குப் பலன் கிடைத்தது உண்மை. ஆனால் தேங்காய் எண்ணெயில் பெரும்பங்கு லாரிக் அமிலம். பிரித்தெடுத்த அந்தக் கொழுப்பைப் போல் அது வேலை செய்யாது. வயதான நாய்க்குத் திடீரென்று எண்ணெய் கூட்டினால் கணையம் வீங்கவும் கூடும். வேண்டாம் என்றேன்.

மருந்தோடு நான் அதிகம் நம்பியது பயிற்சியை. முதிய பீகிள்களில் ஏறத்தாழ மூன்றாண்டு நடந்த ஆய்வில், நல்ல உணவும் விளையாட்டும் உடற்பயிற்சியும் சேர்ந்து கிடைத்த நாய்களே மற்றவற்றைவிடத் தேர்ச்சி காட்டின. ஆகவே மாலையில் ஊருணிக் கரைவரை மெதுவாக ஒரு நடை. அப்புறம் ஒரு விளையாட்டு. மூன்று கொட்டாங்குச்சிகளைக் கவிழ்த்து, நாய் பார்க்கும்போதே ஒன்றின் அடியில் இட்லித் துண்டை வைப்பது. இருபது வினாடி பிடித்து வைத்துவிட்டு அவிழ்த்துவிடுவது. மோப்பம் பிடித்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக மூன்று கொட்டாங்குச்சியின் உள்ளேயும் இட்லியைத் தேய்க்கச் சொன்னேன். தினம் பத்து முறை. எத்தனை சரி என்று வேலை பார்ப்பவர் நாட்காட்டியில் குறித்துவந்தார். குருட்டாம்போக்கில் போனாலே மூன்றில் ஒன்று சரியாகிவிடும் என்பதை அவருக்கு விளக்க வேண்டியிருந்தது; "அப்ப நாலுக்கு மேல வந்தாத்தான் கணக்கு, சார்" என்று சரியாகப் பிடித்துக்கொண்டார்.

முதல் வாரங்களில் மூன்று, நான்கு. ஆறாவது வாரத்துக்குப் பின் பெரும்பாலும் ஆறு, சில நாள் ஏழு. இரவுச் சுற்று குறைந்து, ஆச்சி தொடர்ந்து தூங்க முடிந்தது. மதிப்பெண் 45. கதவின் கீல் பக்கம் நிற்பது குறைந்தது, ஆனால் முழுவதும் போகவில்லை.

மணிவிழாவும் சரிவும்

ஆவணியில் அந்த வீட்டில் உறவினர் ஒருவரின் அறுபதாம் கல்யாணம். பூட்டிக் கிடந்த அறைகளெல்லாம் திறந்தன. சாக்கு சுருட்டப்பட்டது, முகப்பில் பந்தல், வளவில் இலை போட்டுப் பந்தி. விசேஷத்துக்கு முன்பே என்னிடம் கேட்டார்கள். மணியை வீட்டின் பின்பகுதியான மூன்றாம் கட்டுக்குள் பழகிய படுக்கையோடு, ஆச்சியின் பழைய சேலை ஒன்றையும் போட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத அறையில் வைக்கச் சொன்னேன். அப்படியே செய்தார்கள். ஆனாலும் இடம் மாறியதும் நடையும் விளையாட்டும் நின்றதும் தாக்கின. கூட்டம் கலைந்த பிறகு கொட்டாங்குச்சிக் கணக்கு நான்குக்கு வந்தது. பழைய ஒழுங்கைத் திரும்பக் கொண்டுவந்தும் ஐந்தைத் தாண்டவில்லை. மூளையில் மிச்சமிருக்கும் பலம் குறையக் குறைய, சின்ன இடறலிலிருந்தும் எழுந்துவருவது கடினமாகிவிடுகிறது.

ஐப்பசி, கார்த்திகையில் மெல்லச் சரிந்தது. மார்கழியில் ஒரு விடியற்காலை வலிப்பு வந்தது. அதன்பின் வலப்பக்கமாக மட்டுமே சுற்றியது, சாப்பிடவில்லை. கருணை முடிவைப் பற்றி ஆச்சியிடமும் மகனிடமும் பேசினேன். "அவனாப் போகட்டும் தம்பி. ஆனா நோகக்கூடாது" என்றார் ஆச்சி. வலிப்பை அடக்கவும் அமைதிப்படுத்தவும் மருந்து கொடுத்தோம். மறுநாள் இரவில் ஆச்சியின் கட்டிலுக்குக் கீழே இறந்தது.

மூளையை ஆய்வுக்குத் தர முடியுமா என்று கார்த்திகையிலேயே கேட்டு வைத்திருந்தேன். "மத்த நாய்க்கு உதவும்னா எடுத்துக்கங்க. உடம்பு மட்டும் தோட்டத்துல வைக்கணும்" என்று சொல்லியிருந்தார். இறந்த பிறகு கேட்டிருந்தால் அந்தத் துக்கத்தில் அவரால் யோசித்திருக்க முடியாது. நேரமும் போயிருக்கும், நம் பக்கத்துத் தட்பவெப்பத்தில் மூளை சில மணி நேரத்தில் கெடத் தொடங்கிவிடும். விடிந்ததும் எடுத்து, பத்து மடங்கு அளவு ஃபார்மலினில் வைத்து, கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்றின் நோய்க்குறியியல் துறைக்கு அனுப்பினேன்.

மூளையில் கண்டது

வெளிப்பார்வைக்கே மடிப்புகளுக்கு இடையிலான பள்ளங்கள் அகன்றிருந்தன. வெட்டிப் பார்த்தபோது நீர் அறைகள் பெருத்திருந்தன. நுண்ணோக்கியில் முன்மூளைப் புறணியில் அமிலாய்டு என்ற புரதத்தின் படிவுகள் நிறைய. நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியில் அதைவிடக் குறைவு. சிறுமூளையில் இல்லை. படிவுகள் பெரும்பாலும் பரவலான வகை. மனித அல்சைமரில் காணும் இறுகிய மையம் கொண்டவை அல்ல. மனித அல்சைமரில் நரம்பணுவுக்குள் முடிச்சாகத் திரளும் டௌ புரதத்துக்கான சாயத்தில் முடிச்சுகள் எதுவும் இல்லை. ரத்தக் குழாய்ச் சுவர்களிலும் அமிலாய்டு ஏறியிருந்தது. ஆங்காங்கே சிறு ரத்தக் கசிவுகள், வலப்பக்க முன்மூளையில் புதிதாக ஒன்று. கடைசி நாட்களின் வலிப்புக்கும் வலப்பக்கச் சுற்றுக்கும் அது பொருந்துகிறது. முன்மூளையில் பாதிப்பு உள்ள நாய் பாதித்த பக்கமாகவே சுற்றும்.

நாயின் அமிலாய்டு பீட்டா புரதத்தின் அமினோ அமில வரிசை மனிதனுடையதே. படிவு முன்மூளைப் புறணியில் முதலில் தொடங்குவதும் நாய்களில் அறிந்ததுதான். பார்த்ததைச் சில வினாடி மனதில் வைத்திருக்கும் வேலையில் முன்மூளைக்குப் பெரும் பங்கு உண்டு. கொட்டாங்குச்சி விளையாட்டில் மணி தடுமாறியது அதனோடு ஒத்துப்போகிறது.

ஆய்வுக்கூட விலங்குகளோடு வைத்துப் பார்த்தால்

மனிதனின் பிறழ்ந்த மரபணுவை ஏற்றி, மூளையில் படிவு உண்டாகும்படி செய்த எலிகள் 1995 முதல் ஆய்வில் இருக்கின்றன. 2006இல் வந்த, 5எக்ஸ்எஃப்ஏடி எனப்படும் அப்படியான ஒரு வகை எலிகளுக்கு இரண்டு மாத வயதிலேயே படிவு தொடங்கிவிடும். இந்த எலிகளில் படிவு உண்டு, முடிச்சு இல்லை. பல வகைகளில் நரம்பணு இழப்பும் சொற்பம். நாயோ மரபணு மாற்றம் எதுவும் இல்லாமல், நம் வீட்டில் நம் சோற்றைத் தின்று, தானாக மூப்படைந்து இந்த நிலைக்கு வருகிறது. அதனால்தான் நாயை இயற்கை மாதிரி என்கிறார்கள்.

எலியின் மறதியை அளக்கும் நீர்த்தொட்டிச் சோதனையிலும் மணியின் அடுப்படிக் கதை உண்டு. தொட்டியில் மறைத்து வைத்த மேடையை எலி தேடிப் போகாவிட்டால் மறந்துவிட்டது என்று எழுதிவிடலாம். ஆனால் எஸ்ஜேஎல் போன்ற சில எலி வகைகளில் விழித்திரை சிதையும் மரபணு இருக்கிறது. 5எக்ஸ்எஃப்ஏடி எலிகளின் ஒரு பரம்பரையில் எஸ்ஜேஎல் கலப்பு உண்டு. சோதிக்காமல் விட்டால் குருட்டு எலி மறதி எலியாகக் கணக்கில் ஏறிவிடும். மேடையைக் கண்ணுக்குத் தெரியும்படி வைத்து முதலில் ஒரு சோதனை செய்வது இதற்காகத்தான். ஆத்தங்குடி கல்லில் சாக்கு விரித்ததும் அதே வேலையைத்தான் செய்தது.

படிவைக் குறைத்தால் செயல் திரும்பிவிடும் என்றும் எதிர்பார்க்க முடியாது. முதிய பீகிள்களுக்கு இரண்டு ஆண்டுக்கும் மேலாக அமிலாய்டு தடுப்பூசி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008இல் வந்தது. படிவு குறைந்தது, கற்றலும் நினைவும் சொல்லும்படி தேறவில்லை. அதே ஆண்டில், இதேபோன்ற தடுப்பூசி பெற்றிருந்த மனித நோயாளிகள் சிலரின் மூளையில் படிவு ஏறத்தாழ முழுவதும் நீங்கியிருந்தும் மறதி முற்றியதாகத் தெரியவந்தது. மணியின் மூளையில் படிவு கூடிக்கொண்டிருந்த அதே மாதங்களில்தான் அதன் மதிப்பெண் 59லிருந்து 45க்கு இறங்கியது. நுண்ணோக்கிப் படத்தை மட்டும் பார்த்த ஒருவரால் அந்த நல்ல மாதங்களை ஊகிக்கவே முடியாது.

நடைமுறையில் மாற்றியது

எட்டு வயதைக் கடந்த எல்லா நாய்களுக்கும் இப்போது தடுப்பூசிக்கு வரும்போதே அந்தக் கேள்விப் பட்டியலைத் தமிழில் கேட்டு அட்டையில் மதிப்பெண் எழுதுகிறேன். மணிக்குப் பத்து வயதில் ஒரு மதிப்பெண் கையில் இருந்திருந்தால் சரிவின் வேகம் தெரிந்திருக்கும். நடத்தை மாறிய முதிய நாய் என்றால், வருவதற்கு முன்பே இரவில் எடுத்த வீடியோ கேட்கிறேன். கேமரா இல்லாத வீட்டில் செல்போனை அலமாரியில் சாய்த்து வைத்தாலே போதும். வழுக்கும் தரை உள்ள வீடுகளில் வலி மருந்தும் விரிப்பும் கொடுத்து நான்கு வாரம் பார்த்த பிறகே மூளை மருந்து. விசேஷம் உள்ள வீட்டில், கூட்டம் வருவதற்கு ஒரு மாதம் முன்பே நாயை அந்தத் தனி அறையில் படுத்துப் பழகச் சொல்கிறேன்.

மூளை தானத்துக்கான ஒப்புதல் படிவம் ஒன்றைத் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டு வைத்திருக்கிறேன். உடலைத் திருப்பித் தருவோம் என்ற வரி அதில் முதல் வரி. இதுவரை இரண்டு குடும்பங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கின்றன. இரண்டு நாய்களும் உயிரோடு இருக்கின்றன, மாதம் ஒருமுறை கொட்டாங்குச்சிக் கணக்கு வந்துகொண்டிருக்கிறது.